உரிமத் துப்பாக்கியின் சுத்தமும் பராமரிப்பும்: ஏற்காடு, சேலம் பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் அது அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்ததாக இருக்கிறது. துப்பாக்கியோடு உரிமப் புத்தகமும் தோட்டாக் கணக்கும் கைமாறுகின்றன. அதைத் துடைத்து வைக்கும் பழக்கம் மட்டும் பல வீடுகளில் கைமாறுவதில்லை. எங்கள் வீட்டில் இருப்பது 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல், அதாவது உரிமப் புத்தகத்தில் டி.பி.பி.எல். என்று எழுதப்படும் வகை. அதை வைத்துக்கொண்டு நான் கற்றதையும், தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நாங்கள் சுடுவதே இல்லை. துப்பாக்கி அலமாரியில்தான் இருக்கிறது. பிறகு எதற்காகத் துடைக்க வேண்டும்?

அலமாரியிலேயே இருப்பதால்தான். சுட்டுக் கெட்ட துப்பாக்கியைவிடச் சும்மா இருந்து கெட்ட துப்பாக்கிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. மழை விட்ட நாட்களிலும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது என்னும்போது, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாத ஒரு வீட்டில் எண்ணெய்ப் பூச்சு இல்லாத குழல் எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே மலையில் ஜூன் முதல் ஜனவரி வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறையும், மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறையும் வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. சேலத்தில் மாதம் ஒரு முறை போதும். சுட்டிருந்தால் அன்றைக்கே சுத்தம் செய்ய வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது.

சுத்தம் செய்ய உட்காரும் முன் செய்ய வேண்டியது என்ன?

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. நேற்று பார்த்தது கணக்கில் சேராது. மகன் பார்த்துச் சொன்னதும் சேராது. குழலின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விரலை விசையில் வைக்காமல், துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, பிறகு விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். தோட்டாப் பெட்டி நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது.

பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இதன் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே மேலே சறுக்கும் பாகமான ஸ்லைடை இழுத்து அறையைக் காலி செய்ய வேண்டும். ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு கழற்றினால், இழுத்த வேகத்தில் மேகசினிலிருந்து ஏறிய புதிய தோட்டா அறையில் உட்கார்ந்திருக்கும். காலி என்று நம்பிய பிஸ்டல் வெடித்த விபத்துகள் பலவற்றுக்குக் காரணம் இந்த வரிசைப் பிழைதான்.

என்னென்ன சாமான்கள் வாங்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். உங்கள் போர் அளவுக்குப் பொருந்தும் துப்புரவுக் கம்பி, அதன் நுனியில் திருகுவதற்குப் பாஸ்பர் பிரான்ஸ் எனப்படும் வெண்கலக் கம்பிப் பிரஷ் ஒன்று, துணி சுற்றும் முனை ஒன்று, குழலின் கறையைக் கரைக்கும் சால்வன்ட், கன் ஆயில், பழைய பல் துலக்கும் பிரஷ், ஃபிளானல் துணி ஆகியவை போதும். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குச் சிந்தி எனப்படும் துப்புரவுத் துணித் துண்டின் அளவு நினைவிருக்கும்: துடைப்பதற்கு 4க்கு 2 அங்குலம், எண்ணெய் தடவுவதற்கு 4க்கு ஒன்றரை அங்குலம். எண்ணெய்த் துணியை ஏன் சிறிதாக வெட்டினார்கள் என்றால், குழலில் இறுக்கமாகப் போகும் துணி எண்ணெயைப் பிழிந்து வழித்துக்கொண்டு போய்விடும். தளர்வாகப் போவதுதான் எண்ணெயைப் படலமாக விட்டுச் செல்லும். அந்த அளவு ராணுவ ரைஃபிளின் சிறிய குழலுக்கானது. 12 போர் குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் என்பதால் துணியை அதற்கேற்பப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இரட்டைக்குழல் துப்பாக்கியை எப்படிச் சுத்தம் செய்வது?

முன்கட்டையைக் கழற்றி, மேல் நெம்பியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்து, குழல்களைத் தூக்கினால் துப்பாக்கி மூன்று துண்டாக வந்துவிடும். அதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டியதில்லை. குதிரை (விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் பாகம்) வெளியே தெரியாத வகைத் துப்பாக்கிகளில், திறக்கும்போதே உள்ளே இருக்கும் குதிரைகள் ஏறி நின்றுவிடும். குழல் கையில் தனியாக இருக்கும் நேரத்தில் விளையாட்டாகக்கூட விசையை இழுத்துவிடாதீர்கள். குதிரைகள் இறங்கிவிட்டால் மீண்டும் பூட்ட முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

குழலைத் தோட்டா அறைப் பக்கத்திலிருந்தே சுத்தம் செய்ய வேண்டும்; வாய்ப்பக்கத்திலிருந்து கம்பியை விட்டால் கரியெல்லாம் அறையில் வந்து சேரும். முதலில் பழைய நாளிதழின் கால் பக்கத்தைக் கசக்கி உருட்டி உள்ளே தள்ளினால், தளர்வாக இருக்கும் கரியில் பாதி அதோடு வந்துவிடும். இது காசில்லாத வேலை. பிரஷின் ஆயுளையும் கூட்டும். அடுத்து சால்வன்ட் தொட்ட பிரஷை முழு நீளமும் போய் வரும்படி எட்டு பத்து முறை தள்ளி, பத்து நிமிடம் ஊறவிட்டு, துணி வெளுப்பாக வரும்வரை துடைக்க வேண்டும். பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். சுவர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் இடத்திலும், வாய்க்கு அருகே குழல் சற்றுக் குறுகும் சோக் என்ற இடத்திலும் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் அது ஈயமோ தோட்டாவுக்குள் இருக்கும் வாட் என்ற பிளாஸ்டிக் அடைப்போ ஒட்டியிருப்பது. மறுபடியும் பிரஷ் போட்டால் போய்விடும். குழலின் சுவரில் வளையம்போல ஒரு நிழல் விழுந்தால், அங்கே குழல் உப்பியிருக்கலாம். அந்தத் துப்பாக்கியில் மேற்கொண்டு சுடாதீர்கள்.

அதன் பிறகு பல் பிரஷால் இரண்டு குழலும் இணையும் பட்டையின் ஓரங்கள், தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரின் அடிப்பகுதி, தோட்டாவைத் தட்டும் ஊசி வெளிவரும் துளைகள் ஆகியவற்றைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். கீலில் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துவிட்டு, அரிசி மணி அளவு புதிய கிரீஸ் வைத்தால் போதும். குழல்களைப் பூட்டும் முன் ஒரு சிறு சோதனை செய்யலாம்: கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துக் குழல்களைத் தொங்கவிட்டு, மரக் கரண்டியின் காம்பால் மெல்லத் தட்டினால், பட்டைகள் இறுக்கமாக இருக்கும் குழல் மணிபோல ஒலிக்கும்; எங்காவது பற்று விட்டிருந்தால் ஓட்டைப் பானைச் சத்தம் வரும்.

குழலுக்குள் வேறு என்ன இருந்துவிடப் போகிறது?

குளவி இருக்கும். ஒரு கோடையில் இரண்டு மாதம் எங்கள் தோட்டத்துக் கிடங்கு அறையில் பீரோவின் மேல் வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, வலக் குழலில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. இடக் குழல் இருட்டாக இருந்தது. கம்பியை விட்டால் நாலு விரல் ஆழத்தில் தட்டியது. தள்ளினால் காய்ந்த செம்மண்ணும், அதற்குள் பச்சைப் புழுக்களும், ஒரு குளவிக் குஞ்சும் தரையில் விழுந்தன. பார்க்காமல் ஒரு தோட்டாவைப் போட்டிருந்தால் குழல் வாழைப்பூபோல விரிந்திருக்கும். அன்றிலிருந்து, எடுக்கும் ஒவ்வொரு முறையும் குழலை வெளிச்சத்தில் பார்க்காமல் நான் துப்பாக்கியை மூடியதில்லை. இதே காரணத்துக்காக 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பையில் இருக்கக் கூடாது. அளவில் சிறிய 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? மண்ணெண்ணெய்?

தாத்தா தடவினார் என்பது பலரும் சொல்லும் நியாயம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது குளிர்கால ஏற்காட்டில் தலைக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாட்டிலில் உறைவதுதான் துப்பாக்கியின் பூட்டுக்குள்ளும், அதாவது குதிரையும் விசையும் இருக்கும் பகுதிக்குள்ளும் உறையும். ஊசியின் வேகம் குறையும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் நாளடைவில் பிசினாக இறுகி, தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் காய்ந்த பிறகு இரும்பைக் காக்க எதையும் விட்டுச் செல்லாது; அதனால் கழுவலாம், கழுவியபின் எண்ணெய் தடவியே ஆக வேண்டும். கன் ஆயில் கிடைக்காத நேரத்தில் தையல் மெஷின் எண்ணெய் குற்றமில்லை. டப்பாவிலிருந்து பீய்ச்சும் டபிள்யூ.டி.40 ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக நல்லது, மாதக்கணக்கில் வைக்கும் துப்பாக்கிக்கு அதையே நம்பக் கூடாது.

எண்ணெய் எதுவானாலும் அளவு குறைவாக இருக்க வேண்டும். துடைத்த இடத்தில் விரலை வைத்தால் ரேகை தெரிய வேண்டும், விரல் நனையக் கூடாது. கூடுதல் எண்ணெய் மெல்ல வழிந்து, குழலின் பின்புறம் கட்டை சேரும் இடத்தில் இறங்கி மரத்தை ஊறவைத்து மிருதுவாக்கிவிடும். பழைய துப்பாக்கிகளின் கட்டை அந்த இடத்தில் கறுத்திருப்பதும் வெடித்திருப்பதும் இதனால்தான். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கியதும் துப்பாக்கி நனைந்திருக்கிறதே?

குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலத்தான் இதுவும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கி 1200 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம்; வண்டியின் பின்பெட்டியில் இருக்கும் இரும்பு இன்னும் மலையின் குளிரிலேயே இருக்கிறது. வந்ததும் பெட்டியைத் திறந்தால் சமவெளியின் சூடான ஈரக் காற்று அதன்மேல் பட்டுப் பனித்துவிடும். பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் பூட்டிய அறையில் வைத்து, பிறகு திறந்து, ஒரு முறை உலர்ந்த துணியாலும் ஒரு முறை எண்ணெய்த் துணியாலும் துடையுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியும் தோல் உறையும் பயணத்துக்கு மட்டுமே. அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், அவற்றுக்குள் வைத்து மறந்த துப்பாக்கியில் உறையின் அச்சிலேயே துரு படிந்திருக்கும். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைப்பவர்கள் அதன் நிறத்தைக் கவனிக்க வேண்டும். நீலமாக இருப்பது வெளிர் சிவப்பாக மாறிவிட்டால் அது நிறைந்துவிட்டது என்று பொருள், வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மீண்டும் பயன்படும்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் உரிமத் துப்பாக்கிக்கும் இதே முறைதானா?

இல்லை. எஸ்.பி.எம்.எல். எனப்படும் இவ்வகையில் எரிவது கருமருந்து. அது எரிந்து விட்டுச் செல்லும் உப்புகள் காற்றின் ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் அவை கரைவதில்லை, தண்ணீரில்தான் கரையும். அதன்மேல் எண்ணெய் தடவுவது சேற்றின்மேல் சாணம் மெழுகுவது போன்றது. கேப் (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) வைக்கும் முலையைக் கழற்றிவிட்டு, குழலின் அடியை வெந்நீர் வாளியில் நிறுத்தி, துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால் பம்புபோலத் தண்ணீர் ஏறி இறங்கும்; முதலில் கறுப்பாகவும் அழுகிய முட்டை நாற்றத்தோடும் வரும், தெளிவாக வரும்வரை தொடர வேண்டும். வெந்நீர் என்று சொல்வதற்குக் காரணம், குழல் சூடேறினால் மிச்ச ஈரம் தானே ஆவியாகிவிடும். காய்ந்ததும் எண்ணெய்.

இவ்வகையில் குழலைத் திறந்து பார்க்க முடியாது என்பதால், கெட்டித்திருக்கிறதா என்பதைக் கம்பியால்தான் அறிய வேண்டும். முலையில் கேப் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு, முகத்தையும் கையையும் வாய்க்கு நேரே கொண்டு போகாமல் கம்பியை அடிவரை மெல்ல இறக்கி, வாயோரம் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனி முலை இருக்கும் இடம்வரை வந்தால் காலி. நாலைந்து விரற்கடை முன்பே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அப்படியிருந்தால் நீங்களாகத் தோண்ட வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

பழைய தோட்டாக்கள் சிலவற்றின் கேப்பிலும் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது விட்டுச் செல்லும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை நெருங்கும்போது கசிந்து நீராகிவிடும். மூடுபனி நாளில் ஏற்காட்டில் அது ஓர் இரவு வேலை.

ரைஃபிள், ரிவால்வர், ஏர் ரைஃபிள்?

.315 ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்புறமிருந்தே கம்பியை விட வேண்டும். வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். செம்புக் கறையைக் கரைக்கும் சால்வன்ட் போட்டால் துணி நீலப்பச்சையாக வரும். பிரான்ஸ் பிரஷிலும் செம்பு இருப்பதால் அந்தத் திரவத்தில் நனைந்த பிரஷும் அதே நிறத்தைத் தரும். அதைக் கறை என்று நினைத்து நாள் முழுக்கத் தேய்த்தவர்கள் உண்டு. .32 ரிவால்வரில் சிலிண்டரின் பின்னால் இருக்கும் நட்சத்திரத் தகட்டின் அடியைப் பல் பிரஷால் துடையுங்கள். அங்கே நாலு மருந்துத் துணுக்கு தங்கினாலே சிலிண்டர் சுழல மறுக்கும். ரைஃபிள் கிளப்பில் 0.177 ஏர் ரைஃபிளைப் பயன்படுத்துபவர்கள் குழலில் சால்வன்ட்டோ கன் ஆயிலோ விடக் கூடாது. அழுத்தக் காற்றின் சூட்டில் எண்ணெய் டீசல் இன்ஜினில் நடப்பதுபோலத் தீப்பற்றி வாஷரையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கும். அதற்கென்று விற்கும் ஃபெல்ட் குண்டுகள் போதும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காதல்லவா என்று உருக்காலை இருக்கும் ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். குறைவாகப் பிடிக்கும், உப்பு வியர்வையோடு விட்டால் அதுவும் பிடிக்கும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?

வைக்காமல் இருக்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் குழைத்த சந்தனம் என்பது ஈரம். எலுமிச்சைச் சாறு அமிலம். எங்கள் துப்பாக்கியின் பூட்டுத் தகட்டில் கருநீல மெருகு போய் வெள்ளையாக மூன்று வட்டங்கள் இருக்கின்றன. அவை எத்தனையோ வருடத்துப் பொட்டுகள். இப்போது நாங்கள் பொட்டைக் கட்டையின்மேல் வைக்கிறோம், எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைக்கிறோம், அன்று மாலையே துடைத்துவிடுகிறோம்.

தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கி துருவோடு திரும்பி வந்தது. என்ன செய்யலாம்?

2024 மக்களவைத் தேர்தலுக்கான நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன. ஏறக்குறைய மூன்று மாதம். நான் ஒப்படைத்த இடத்தில் மற்ற துப்பாக்கிகளோடு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்தபோது குழலின் மேற்பட்டையில் மிளகாய்த்தூள் தூவியதுபோலத் துரு. ஒப்படைக்கும் முன் வழக்கமான எண்ணெய்ப் பூச்சோடு நிறுத்தியது என் தவறு. நீண்ட நாள் வைப்புக்குக் குழலின் உள்ளும் புறமும் மெல்லிய கிரீஸ் பூச வேண்டும். விசைக்காப்பு வளையத்தில் "குழலில் கிரீஸ் உள்ளது" என்று ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள், ஏனென்றால் கிரீஸைத் துடைக்காமல் சுட்டால் அழுத்தம் கூடும். எண்ணும் நிலையும் தெரியும்படி புகைப்படம் எடுத்து, ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்ட மேல்துருவை எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவைத்து, மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் அழுத்தாமல் தேய்த்தால் எடுத்துவிடலாம். உப்புத்தாளைத் தொடாதீர்கள்: மெருகு போவது ஒரு பக்கம், பொறித்த எண்ணும் தேய்ந்துவிடும். துப்பாக்கியின் எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பழுதை உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்துகொள்ளலாமா? ஆளிடம் கொடுத்து அனுப்பலாமா?

பட்டறைக்காரர் எவ்வளவு கைத்தேர்ச்சி உள்ளவரானாலும் கூடாது. துப்பாக்கி பழுதுபார்ப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். தளர்ந்த கீல், உப்பிய குழல், சிக்கும் விசை, தானாக விழும் குதிரை எல்லாம் அவர்களுடைய வேலை. துப்பாக்கியைப் பழுதுக்கோ உரிமப் புதுப்பிப்புக்கோ வேறொருவர் எடுத்துச் செல்வதானால், நீங்கள் கூடவே இருக்க வேண்டும் அல்லது உங்கள் கையெழுத்திட்ட அனுமதி அவரிடம் இருக்க வேண்டும். சட்டத்தின் 3ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது.

பழைய தோட்டங்களில் இருக்கும் இங்கிலாந்துத் துப்பாக்கிகளின் குழலில் பாம்புத்தோல்போல நெளிகோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அவற்றில் பல கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை. நைட்ரோ எனப்படும் புகையற்ற மருந்துக்குச் சோதித்த முத்திரை இருக்கிறதா என்று பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லும்வரை இன்றைய தோட்டாவைப் போட வேண்டாம். அறையின் நீளத்தையும் அவரிடமே அளக்கச் சொல்லுங்கள். 65 மில்லிமீட்டர் அறைக்குள் 70 மில்லிமீட்டர் தோட்டா தடையில்லாமல் நுழைந்துவிடும், சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

தோட்டாக்களையும் எண்ணெய்த் துணியால் துடைக்கலாமா?

கூடாது. எண்ணெய் கேப்பின் ஓரத்தில் ஊடுருவி மருந்தைச் செயலிழக்க வைக்கும். உலர்ந்த துணி போதும். உப்பிய உறையும் பச்சை பூத்த பித்தளையும் இருந்தால் சுடாமல் தனியே எடுத்து வையுங்கள், தோட்டாக் கணக்கிலிருந்து தாமாக நீக்கிவிடாமல் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கேளுங்கள்.

முடித்த பிறகு?

குழலிலிருந்து வரும் கரியில் ஈயம் உண்டு. அதனால் சாப்பாட்டு மேசையிலும் குழந்தைகள் இருக்கும் அறையிலும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையைக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடக் கூடாது. கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். முற்றத்தில் விரித்துக் காயவைத்து, விறைத்த பிறகு எறியுங்கள்.